கூடுமா என்று கேட்ட பிறகு

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது, நம் அங்கத்தினர்களில் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்தார். மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்பவர். முப்பது ஆண்டுகளாகக் கொடுக்கல் வாங்கலில் ஒரு சொல் பிசகாதவர். அவருடைய மனைவியாருக்கு மார்பில் ஒரு கட்டி. சோதித்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று தெரிந்து, அந்தப் பக்கத்து மார்பகம் முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் கூறிவிட்டாராம். எடுக்கும் அதே வேளையில் சிலிக்கோன் பை ஒன்றை உள்ளே வைத்து மார்பகத்தை மறுபடி உருவாக்கலாம் என்றும் சொன்னாராம். நம்மவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "நானா, இது மார்க்கத்தில் கூடுமா?"

கூடும் என்று ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றோம். அவர் முகம் தெளிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! அப்படியானால் செய்துவிடச் சொல்கிறேன்" என்று ஸலாம் கூறிவிட்டுக் காரை நோக்கி நடந்துவிட்டார்.

அவர் போன பிறகுதான் நமக்கு உறைத்தது. கேள்வியும் சரி, பதிலும் சரி; ஆனால் கேட்க வேண்டியதில் காற்பங்கைக்கூட அவர் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதில் காற்பங்கைக்கூட நாம் சொல்லவில்லை. ஒரு கன்டெய்னர் வெங்காயம் இறக்க அந்த மனிதர் எத்தனை கேள்வி கேட்பார் என்பது நமக்குத் தெரியும். எந்த ஊர்ச் சரக்கு, கப்பலில் எத்தனை நாள், நூறு மூட்டைக்கு எத்தனை அழுகல் போகும், அழுகினால் பொறுப்பு யாருடையது, இதையெல்லாம் கேட்டு எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்கமாட்டார். மனைவியின் உடம்பு விஷயத்தில் ஒற்றைக் கேள்வியோடு நின்றுவிட்டார்.

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இந்தப் பேச்சு எடுத்தாலே ஆண்களாகிய நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அந்த வெட்கத்திற்கு நம் பெண்கள் விலை கொடுத்து வருகிறார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். மலேசிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரை பதிவான மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதி, மூன்றாம் நான்காம் கட்டத்தை எட்டிய பிறகே கண்டறியப்பட்டன. கட்டியைக் கையால் உணர்ந்தும் வாய் திறவாமல் மாதக்கணக்கில் இருந்துவிட்ட பெண்களை நாம் அறிவோம். ஆகவே இந்த இதழில் இவ்விஷயத்தை எழுதுவது தகுமா என்று எண்ணும் சகோதரர்கள் நம்மைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், கூடும் என்றோமே, அது எதன்மீது நிற்கிறது? நாம் பத்வா கொடுக்கும் தகுதியுடையோர் அல்லோம். ஆலிம்கள் எடுத்துக்காட்டுவதைத்தான் இங்கே சொல்கிறோம்.

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்னும் ஸஹாபி, இஸ்லாத்துக்கு முன் நடந்த குலாப் போரில் தம் மூக்கை இழந்தவர். வெள்ளியினால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். அது நாளடைவில் கெட்டு நாற்றமெடுத்தது. அவருடைய நிலையை அறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள், பொன்னால் ஒரு மூக்குச் செய்துகொள்ளும்படி கூறினார்கள். ஆண்களுக்குப் பொன் அணிவது ஆகாது என்பது நாம் அனைவரும் அறிந்த சட்டம். அந்தச் சட்டமே இந்த மனிதருக்காக விலகி வழிவிட்டது. அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது வேறு, இழந்த அங்கத்தை மீட்டுக்கொள்வது வேறு என்று ஆலிம்கள் பிரித்துச் சொல்வதற்கு இது ஓர் அடிப்படை. இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2007 ஜூலையில் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பதினெட்டாவது கூட்டம் நம் புத்ராஜெயாவிலேயே கூடியது. அழகுச் சிகிச்சை பற்றி அங்கு எடுக்கப்பட்ட 173ஆம் தீர்மானம், நோயினாலும் விபத்தினாலும் ஏற்பட்ட குறைகளைச் சரிசெய்வது ஆகும் என்று கூறி, அதற்கு உதாரணமாக அகற்றப்பட்ட மார்பகத்தை மறுபடி உருவாக்குவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. "ஐம்பது வயதில் இது எதற்கு? பேரன் பேத்தி எடுத்தாயிற்றே, ஸபூர் செய்யக்கூடாதா?" என்று பேசும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. மூக்கிழந்தவரிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் ஸபூர் செய் என்று கூறி அனுப்பிவிடவில்லை என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

நிற்க. அந்தச் சம்பவத்தில் நம் கண்ணில் படாமல் போகிற ஒரு பகுதி உண்டு. முதலில் வைத்த மூக்கு கெட்டுப்போயிற்று. வெள்ளி அன்று நல்ல உலோகம் என்று நம்பித்தான் வைத்தார்; உடம்பு அதை ஏற்கவில்லை. உடம்புக்குள் வெளிப்பொருள் ஒன்றை வைக்கும் எவருக்கும் இன்றும் இருக்கும் விசாரம் இதுதான். கூடுமா என்ற கேள்விக்கு அடுத்தபடி கேட்க வேண்டியது, நிலைக்குமா என்பது.

சிலிக்கோன் பையை முதன்முதலாக ஒரு பெண்ணின் மார்பில் வைத்தவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து டாக்டர்களான தாமஸ் கிரோனினும் ஃபிராங்க் ஜெரோவும், ஆண்டு 1962. இன்று இச்சிகிச்சை இரு விதமாக நடைபெறுகிறது. மார்பகத்தை எடுத்த அன்றே நிரந்தரப் பையை வைத்துவிடுவது ஒன்று. முதலில் சுருங்கிய பை ஒன்றை வைத்து, வாரந்தோறும் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றித் தோலை விரித்து, சில மாதங்கள் சென்றபின் நிரந்தரப் பையை மாற்றி வைப்பது மற்றொன்று. உள்ளே இருக்கிற பொருளாதலால், புண் ஆறியபின் ஒளுவுக்கோ குளிப்புக்கோ அது தடையாவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். நாம் வியாபாரிகள், கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்கள் அல்லோம்.

பிரிட்டனில் 81 ஆஸ்பத்திரிகளில், பை வைத்து மார்பகத்தை மறுபடி உருவாக்கிக்கொண்ட 2108 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சியின் முடிவு 2019இல் வெளியாயிற்று. மூன்றே மாதங்களுக்குள் நூற்றுக்கு 9 பேர் அந்தப் பையை இழந்திருந்தார்கள். அஃதாவது வைத்ததைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. நூற்றுக்கு 25 பேருக்குக் கிருமி தொற்றியதற்காக மருந்து கொடுக்க நேர்ந்தது. 18 பேர் மறுபடியும் ஆப்பரேஷன் மேஜைக்குச் செல்ல வேண்டிவந்தது. பையை இழப்பது நூற்றுக்கு 5க்குள் இருக்கவேண்டும் என்பது அந்நாட்டு மருத்துவச் சங்கங்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டிருந்த வரம்பு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 ஆஸ்பத்திரிகளில் 2343 பெண்களை இரண்டு ஆண்டுகள் வரை பார்த்த மற்றோர் ஆராய்ச்சி 2018இல் வந்தது. அதில் பை வைத்துக்கொண்டவர்களும், தம் வயிற்றுச் சதை முதுகுச் சதையை எடுத்து மார்பகம் அமைத்துக்கொண்டவர்களும் சேர்ந்திருந்தார்கள். மொத்தத்தில் மூவரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு சிக்கல். ஐவரில் ஒருவருக்கு அதனால் மறு ஆப்பரேஷன். நூற்றுக்கு 5 பேருக்கு முயற்சி முழுவதுமே தோற்றது. சொந்தச் சதையால் அமைத்துக்கொண்டவர்களுக்குச் சிக்கல்கள் அதிகம், ஆப்பரேஷனும் நீண்டது. ஆனால் முற்றாகத் தோற்றது அவர்களிடையே குறைவு. இரண்டாண்டு கழித்துத் தம் மார்பகத்தைப் பற்றித் திருப்தி கூறியதிலும் அவர்களே முந்தி நின்றார்கள். முதலில் அதிகம் முடக்கிப் பின்னால் நிம்மதியாக இருப்பதா, முதலில் குறைவாக முடக்கி அவ்வப்போது செலவு பார்ப்பதா என்று வியாபாரத்தில் வரும் அதே யோசனைதான். முதலாகப் போடுவது மட்டும் இங்கே ஒரு பெண்ணின் உடம்பு.

கதிரியக்கச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கும், சர்க்கரை வியாதியுள்ளவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும் இந்த எண்கள் இன்னும் கூடும். சர்க்கரை வியாதி நம்மவரிடையே எவ்வளவு மலிந்திருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பையைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு தழும்புத் திரையைக் கட்டுகிறது. சிலருக்கு அத்திரை இறுகி, மார்பு கல்லாகிக் கோணி வலிக்கும். கதிரியக்கம் பட்ட மார்பில் இது மிகுதி. மறுபடி உருவாக்கிய மார்பகத்தில் தொடுவுணர்ச்சி பெரும்பாலும் மரத்தே இருக்கும். சட்டைக்கு வெளியே பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, உள்ளே இருப்பவருக்கு மட்டுமே தெரியும். மேலும், இந்தப் பை ஆயுளுக்கும் உழைக்கும் சாமான் அன்று என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே கூறுகிறது. நாட்கள் செல்லச் செல்லச் சிக்கலுக்கு இடம் அதிகரிக்கும். கசிவு வெளியே தெரியாதாகையால், வைத்த ஐந்தாறு ஆண்டில் ஒருமுறையும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் ஆலோசனை. நாற்பது வயதில் வைத்துக்கொள்கிறவர், வாழ்நாளில் இன்னொரு முறையேனும் ஆப்பரேஷன் வரலாம் என்று எண்ணிக்கொண்டே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் வேண்டாம் என்று ஓடிவிட வேண்டாம்! நூற்றுக்கு 9 பேர் இழந்தார்கள் என்றால் 91 பேர் அந்த மூன்று மாதத்தைக் கடந்தார்கள். கண்ணாடி முன் நின்று, தாம் தாமாகவே இருப்பதாக உணர்ந்து, கடைக்கும் கலியாண வீட்டுக்கும் தலைநிமிர்ந்து போய்வருகிற பெண்கள் ஏராளம். நாம் கேட்பது, இந்தக் கணக்கு முடிவெடுப்பதற்கு முன் அந்தப் பெண்ணின் காதில் விழுந்ததா என்பதைத்தான்.

மதீனாவின் கடைத்தெருவில் நடந்த ஒரு சம்பவம் நம் சகோதரர்களுக்குப் பாடமாகத் தெரியும். குவித்து வைத்திருந்த தானியத்துக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் தட்டியது. கேட்டபோது, மழை பெய்து நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். அந்த வியாபாரி தண்ணீரைத் தாமே ஊற்றவில்லை, ஊற்றியது மழை. மழைக்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நனைந்ததை அடியில் தள்ளியதற்காகக் கண்டிக்கப்பட்டார்.

சிலிக்கோன் பையின் வரலாற்றில் மழையும் உண்டு, வேண்டுமென்றே ஊற்றிய தண்ணீரும் உண்டு.

பிரான்ஸ் தேசத்தில் பி.ஐ.பி. என்றொரு கம்பெனி 1991இல் ழான் குளோத் மாஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. அனுமதி பெற்ற மருத்துவ சிலிக்கோனுக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளுக்கான மலிவுச் சிலிக்கோனை அடைத்துப் பல ஆண்டுகள் உலகெங்கும் விற்றார்கள். பைகள் அளவுக்கு மீறிக் கிழிவதைக் கவனித்த பிரெஞ்சு அதிகாரிகள் 2010 மார்ச்சில் அவற்றைத் தடை செய்தனர். பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 30,000 பெண்கள் அவற்றை மார்பில் சுமந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் புற்றுநோய்க்காக மார்பகம் இழந்தவர்களும் இருந்தார்கள். எடுத்துவிடுங்கள் என்று 2011 டிசம்பரில் அரசாங்கமே ஆலோசனை கூறிற்று. 2013 டிசம்பரில் மார்சேய் நீதிமன்றம் மாஸுக்கு நான்கு ஆண்டுச் சிறை விதித்தது. மிளகில் பப்பாளி விதை கலப்பவனைத் தெருவில் நிறுத்தித் திட்டுகிறோமே, இதை என்னவென்று சொல்வது! ஒரு கிலோவில் மிச்சம் பிடித்த காசு இன்னொருத்தியின் நெஞ்சுக்கூட்டில் கிழிந்தது.

மற்றொன்று இவ்வகையன்று. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகள், உள்ளே நழுவாமல் நிற்கும் என்று நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவை. அவற்றைச் சுற்றி அபூர்வமாக ஒருவகை ரத்தவெள்ளணுப் புற்றுநோய் தோன்றுவது ஆண்டுகள் பல சென்றபின்தான் புலப்பட்டது. அமெரிக்க நிறுவனம் அத்தொடர்பைப் பற்றி முதலில் எச்சரித்தது 2011இல். 2019 ஜூலையில், உலகெங்கும் 573 பேருக்கு அந்நோயும் அவர்களில் 33 மரணங்களும் கணக்கில் வந்தபோது, பெரும்பாலான நோயாளிகள் வைத்திருந்த அலர்கன் கம்பெனியின் பயோசெல் வகை உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. வைத்துக்கொண்டவர்களின் மொத்தத் தொகையைப் பார்த்தால் இது சிறிய எண். அறிகுறி இல்லாதவர்கள் அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை என்றும் அந்நிறுவனம் கூறிற்று. வெகுநாள் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்கினால் டாக்டரிடம் உடனே போகவேண்டும். தொடக்கத்திலேயே கண்டால், பையையும் சுற்றியுள்ள திரையையும் எடுப்பதோடு பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. இங்கே மழை பெய்தது எனலாம். பெய்தது தெரிந்த நாள் முதல் அதை மேலே வைப்பது கடமையாயிற்று. 2021 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. ஆபத்துக்களைப் பட்டியலாக எழுதிப் பெண்ணிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் படித்து அவர் கையொப்பமிட இடம் தந்த பிறகே பை வைக்கலாம். அடியிலிருந்த ஈரம் மேலே வர ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

நம்மவர்கள் குறிப்பாகக் கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு. நாம் விசாரித்த வரையில் கேட்டவர்கள் அரிது. பையைத் தாங்கிப் பிடிக்க டாக்டர்கள் சில சமயம் ஒரு மெல்லிய விரிப்பை உள்ளே தைக்கிறார்கள். இறந்தவர்கள் தானமாக அளித்த தோலைப் பதப்படுத்தியது ஒரு வகை. மாட்டிலிருந்து செய்தது ஒரு வகை. நூல்வலை போலச் செயற்கையாய் நெய்ததும் உண்டு. ஸ்ட்ராட்டிஸ் என்ற பெயரில் வருவது பன்றித் தோலில் செய்தது. பிஸ்கட் டப்பாவைத் திருப்பி ஹலால் முத்திரை தேடுகிற நாம், உடம்புக்குள் நிரந்தரமாய்த் தைக்கப்படுவதை என்னவென்று கேட்பதில்லை. முன்கூட்டிக் கேட்டால் டாக்டர் சொல்லுவார். வேறு வகை உண்டா, விரிப்பில்லாமல் முடியுமா என்றும் கேட்கலாம். வேறு வழி இருக்கும்போது நிர்ப்பந்தம் என்ற சலுகை பொருந்துமா என்பதை, ஷாஃபியோ ஹனஃபியோ, அவரவர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். ஆப்பரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபின் தெரிந்துகொண்டு மனம் புழுங்குவதில் பலனில்லை.

சரி, கணக்கெல்லாம் தெரிந்தது, முடிவெடுப்பது யார்? இங்கேதான் நாம் அந்தச் சகோதரரிடம் பேசத் தவறினோம். "செய்துவிடச் சொல்கிறேன்" என்றார் அவர். அன்பினால்தான் சொன்னார், பணம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆயினும் அந்த வாக்கியத்தில் அவருடைய மனைவியார் எங்கே?

அறிவும் வயதும் வந்த நோயாளியின் சம்மதம் சிகிச்சைக்கு வேண்டும் என்று அதே ஃபிக்ஹ் அகாடமி 1992இல் ஜித்தாவில் தீர்மானித்திருக்கிறது. நம் வீடுகளில் அச்சம்மதம் எப்படிப் பெறப்படுகிறது என்பதை நாம் அறிவோம். டாக்டர் கணவரைப் பார்த்துப் பேசுகிறார். கணவர் மகனைப் பார்க்கிறார். மகன் கைப்பேசியைப் பார்க்கிறான். அந்தப் பெண் தரையைப் பார்க்கிறார். பிறகு தாளில் கையெழுத்து வாங்கப்படுகிறது.

தரையைப் பார்க்கும் அந்தக் கண்களுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லவும் கொஞ்சம் துணிவு வேண்டும். உயிர்ப் பயம் ஒருபுறம். அதனருகில் மற்றொரு பயம், 'இவர் மனம் மாறிவிடுமோ, வேறு திருமணம் என்று பேச்சு வந்துவிடுமோ' என்பது. எல்லாப் பெண்களுக்கும் உண்டு என்று சொல்லமாட்டோம். இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அந்தப் பயத்தினால் "சரி, வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் பெண், மறு ஆப்பரேஷனுக்கும், கிருமி தொற்றுக்கும், மாதக்கணக்கில் ஊசி வழி நீரேற்றுவதற்கும் கணவருக்காகச் சம்மதிக்கிறார், தமக்காக அல்ல. இதற்கு நேர்மாறாக, மனத்துக்குள் ஆசையிருந்தும் 'இந்த வயதில் கேட்டால் என்ன நினைப்பாரோ' என்று வேண்டாமென்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் கணவர் ஒரு சொல்லும் தவறாகச் சொல்லியிருக்கமாட்டார். சொல்லாமல் விட்டதுதான் தவறு. "உன் இஷ்டம்" என்று மட்டும் கூறிவிட்டு ஒதுங்குவதும் போதாது. எனக்கு எப்படியானாலும் நீதான், பை வைத்தாலும் சரி வைக்காவிட்டாலும் சரி, என்று முதலில் தெளிவாகச் சொல்லிவிட்டுப் பிறகு உன் இஷ்டம் என்றால்தான் அது அவருடைய இஷ்டமாக இருக்கும்.

ஒன்றும் வைக்காமல் இருப்பதும் ஒரு முழுமையான முடிவே. பஞ்சிலோ சிலிக்கோனிலோ செய்த உருவை உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு வெளியே செல்லலாம். இரவில் கழற்றி வைத்துவிடலாம். அதுவும் வேண்டாமென்று தட்டையான மார்போடு நிம்மதியாக வாழ்கிறவர்களும் உண்டு. மறுபடி உருவாக்குவதால் நோய் குணமாவதுமில்லை, உருவாக்காததால் நோய் முற்றுவதுமில்லை. இது தெரியாமல், சிகிச்சையின் அவசியமான பகுதி என்றெண்ணிச் சம்மதித்தவர்களை நாம் சந்தித்திருக்கிறோம்.

அவசரமும் கிடையாது. புற்றுநோயை எடுப்பதில்தான் தாமதம் ஆகாது. மறுபடி உருவாக்குவதை ஓராண்டு கழித்தும் செய்யலாம், பத்தாண்டு கழித்தும் செய்யலாம். அன்றே செய்வதில் தோலை மிச்சப்படுத்தலாம், ஓர் ஆப்பரேஷன் குறையும் என்ற அனுகூலங்கள் உண்டு. கதிரியக்கம் இருக்கிறதா இல்லையா என்பது தெளிவாகாத நிலையில் பொறுத்திருப்பதில் வேறு அனுகூலங்கள் உண்டு. வாங்கிய சரக்கைத் திருப்பிக் கொடுக்க நம் வியாபாரச் சட்டத்தில் 'கியார்' என்னும் உரிமை இருக்கிறது. உடம்பில் வைத்ததைத் திருப்பிக் கொடுத்து, முன்பிருந்த நிலைக்கு மீள முடியாது. ஆகவே அந்த உரிமையை முன்கூட்டியே, யோசிக்கும் நாட்களாக, அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டியது வீட்டிலுள்ளவர்களின் பொறுப்பு.

இன்னொரு விஷயம். வைத்த பை கெட்டுப்போனால் வீட்டில் என்ன பேச்சு வருகிறது? "அப்போதே சொன்னேனே, இதெல்லாம் எதற்கென்று" என்று மாமியார் சொல்வார், நாத்தனார் சொல்வார், சில வீடுகளில் கணவரே சொல்வார். "படைப்பில் கைவைத்ததன் பலன்" என்று மார்க்கத்தின் பெயரால் பேசியதையும் நம் காதால் கேட்டிருக்கிறோம். வெள்ளி மூக்கு கெட்டபோது அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு இப்படிப்பட்ட பேச்சு கிடைக்கவில்லை. கெட்டதைவிட நல்லதாக ஒன்று காட்டப்பட்டது. இரண்டாம் முறை முயலவும் அவருக்கு வழியிருந்தது. ஈரத்தை மேலே வைத்துப் பார்த்து எடுத்த முடிவில் நூற்றுக்கு ஒன்பதில் ஒருவராக ஒரு பெண் விழுந்துவிட்டால், அது அவர் செய்த குற்றமாகாது.

அடுத்த வாரமே நாம் அந்தச் சகோதரரின் கடைக்குச் சென்றோம். மேலே எழுதியவற்றையெல்லாம் ஏறத்தாழ அப்படியே சொன்னோம். நடுவில் இரண்டு முறை லாரி வந்து பேச்சு நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கல்லாவில் கிடந்த ரசீதின் பின்புறத்தில் என்னவோ குறித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நடந்ததை அவரே சொல்லக் கேட்டோம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது, மகனை வீட்டில் நிறுத்திவிட்டு மகளை உடன் அழைத்துச் சென்றாராம். அந்த ரசீதை மனைவியார் கையில் கொடுத்துவிட்டு, தாம் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாராம். அவர் மனைவியார் பதினோரு கேள்விகள் கேட்டார். விரிப்பைப் பற்றிக் கேட்டபோது, முன்னால் யாரும் கேட்டதில்லை என்று டாக்டர் சொன்னாராம். கடைசியில், அந்தப் பையைப் பார்க்க முடியுமா என்றாராம். டாக்டர் மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கையில் வைத்துச் சிறிது நேரம் எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதற்கு நம்பர் உண்டா?" என்று கேட்டார். உண்டு, வைத்துக்கொள்கிறவருக்கு வரிசை எண் எழுதிய அட்டை ஒன்று தருவோம், அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

மார்பகத்தை எடுக்க மட்டும் நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மற்றதைக் கதிரியக்கம் முடிந்தபின் பார்க்கலாம் என்று அந்த அம்மையார் சொல்லிவிட்டாராம். "நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று சகோதரரைக் கேட்டோம். "நான் என்ன சொல்வது நானா, அன்றைக்குக் கடைக்கு லீவு என்று மட்டும் சொன்னேன்" என்றார்.